சந்தைக்கு வந்த மணப்பெண்

சனிக்கிழமை பாரி நகரத்துப் பழச்சந்தையில், ஒரு கடையின் பின்பக்கக் கூடையைப் பார்த்து வாயடைத்து நின்றுபோன டொனாட்டாவை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம் அல்லவா? அவள் சும்மா திரும்பவில்லை. கூடையிலிருந்து ஒரு கொத்து திராட்சையை வாங்கிக்கொண்டுதான் ஊர் வந்தாள். எந்தத் தோட்டத்துச் சரக்கு என்று கேட்டதற்கு, "தாரந்தோ பக்கம்மா. ருசியப் பாரு, ஊரு எதுக்கு உனக்கு?" என்று கடைக்காரன் அடுத்த ஆளிடம் திரும்பிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கணவன் சபீனோ தோட்டத்துக்குப் போகும்வரை காத்திருந்து, அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு, காகிதப் பையிலிருந்து அந்தக் கொத்தை எடுத்தாள்.

சிவந்த காம்பு. ஒவ்வொரு பழத்தின் அடியிலும், குழந்தையின் மோவாயில் விழுகிற மாதிரி ஒரு சின்னக் குழி. ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டாள். பல்லில் எதுவும் தட்டுப்படவில்லை. தோல் மெல்லத் தெறித்தது, தித்திப்பு ஊறியது, எல்லாம் முடிந்த பிறகு நாக்கு நுனியில் லேசாகச் சோம்பு வாசனை.

சந்தேகமே இல்லை. ஸீட்டா.

ஸீட்டா என்றால் அந்தப் பக்கத்துப் பேச்சில் கல்யாணப் பெண். ஆலங்கட்டி மழைக்கும் குருவிக்கும் பயந்து வெள்ளை வலை போர்த்தி நின்ற முதல் கொடியைப் பார்த்து சபீனோ வைத்த பெயர். விதையில்லாத திராட்சைக்கும் விதையில்லாத திராட்சைக்கும் முடிச்சுப் போட்டால் பிள்ளை எங்கிருந்து வரும்? காய்க்குள் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு கரு உண்டாகும், முற்றுவதற்கு முன்பே கருகிப் போகும். அது கருகுவதற்குள் பச்சைக் காயைக் கீறி, கருவைத் தனியே எடுத்து, கண்ணாடிக் குழாயில் வைத்து வளர்க்க வேண்டும். பூவுக்குப் பூ மகரந்தம் தடவியவள் டொனாட்டா. ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து கருவைக் கீறி எடுத்துக் காப்பாற்றியவள் அவளுடைய மகள் ரொசால்பா. அப்படி வளர்ந்த செடிகளில் புளிப்பது, வெடிப்பது, அழுகுவது என்று நூற்றுக்கணக்கில் பிடுங்கி எறிந்தது போக மிஞ்சியவள் இவள் ஒருத்திதான்.

இவள் எப்படி ஐயா சந்தைக்குப் போனாள்?

பழத்தைத் திருடியிருக்க முடியாது. இந்த வருஷத்து ஸீட்டா இன்னும் கொடியில்தான் தொங்குகிறது. காலையில்கூட வலையைத் தூக்கிப் பார்த்தாள், ஒரு கொத்தும் குறையவில்லை. அப்படியென்றால் எங்கோ இன்னொரு தோட்டத்தில் ஸீட்டா காய்க்கிறாள். அதற்கு ஒரு கைப்பிடிக் குச்சி போதும். கிளை வெட்டும்போது விழுகிற குச்சியில் உயிருள்ள மொட்டுகள் இருந்தால், ஒட்டுக் கட்டத் தெரிந்த எவனும் ஒரு தோட்டத்தையே உண்டாக்கிவிடுவான். அதனால்தான் வெட்டிய குச்சியைக் கொடியடியிலேயே எரித்துவிட வேண்டும் என்பது டொனாட்டாவின் சட்டம். அந்தச் சட்டத்தைத் தெரிந்தவர்கள் இந்த வீட்டு ஆட்கள் மட்டுமே.

வக்கீல் நேற்று போனில் சொன்னது காதிலேயே நின்றது. "திருடு போயிருந்தா புகார் குடுத்துடலாம் சின்யோரா, உரிமை உங்களுதுதான். ஆனா, அதை உருவாக்கினவங்கள்லயே ஒருத்தர் தன் கையால வெளியில குடுத்து வளக்க விட்டிருந்தா, சட்டத்துக்கு அது புது ரகமே இல்ல. கடையக் கட்டிட்டுப் போக வேண்டியதுதான். நாளான்னிக்கு, இது உங்க புது ரகம்னு பதியற மனுவுல கையெழுத்துப் போடறதுக்கு முன்னால வீட்ல நல்லா விசாரிச்சுக்கங்க."

அந்த நாளான்னிக்கு என்பது நாளைக் காலை.

விசாரிப்பதாம்! கேட்டால் எவன் சொல்லுவான்? டொனாட்டா கொத்தைக் கழுவி, பூப்போட்ட பெரிய தட்டில் வைத்து, மேலே ஒரு துணியை மூடினாள். வாய் பொய் சொல்லும். மூஞ்சி அவ்வளவு சுலபமாகப் பொய் சொல்லாது.

மதியச் சாப்பாட்டுக்கு எல்லாரும் வந்துவிட்டார்கள். அண்ணன் வித்தாந்தோனியோ வழக்கம்போல மேஜையின் தலைப்பக்கம். நிலம் பாதி அவர் பேரில், பேச்சு முழுக்க அவர் பேரில். அவருக்கு எதிரே மருமகன் ருஜ்ஜேரோ. நல்ல பையன், சிரித்த முகம். ஆனால் பக்கத்து ஊர் நாற்றுப்பண்ணையில் அவனுக்கு வேலையே ஒட்டுக் கட்டுவது. சனிக்கிழமையிலிருந்து அவனுடைய சிரிப்பு டொனாட்டாவுக்குச் சிரிப்பாகத் தெரியவில்லை. சபீனோ ஓரத்தில். ரொசால்பா அடுப்படிக்கும் மேஜைக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

தக்காளிச் சாற்றில் ஊறிய காதுமடல் வடிவப் பாஸ்தா காலியாயிற்று. இறைச்சிச் சுருளும் காலியாயிற்று. வித்தாந்தோனியோ ரொட்டியால் தட்டை வழித்துக்கொண்டே, "நாளைக்குப் பத்து மணிக்கு வக்கீல் வர்றாரு. நீயும் நானும் கையெழுத்துப் போட்டா வேலை முடிஞ்சுது" என்றார்.

"ரெண்டு பேரு மட்டுமா?" என்றான் ருஜ்ஜேரோ.

"வேற யாரு? உன் பேரையும் போடணுமா மாப்பிள்ளை?"

"என் பேரு எதுக்கு? ரொசால்பா..."

"அதெல்லாம் முன்னாலயே பேசி முடிச்சாச்சு. கண்ணாடிக் குழாய் வேலைக்குச் சம்பளம் உண்டு. பேரு மண்ணுக்காரங்களுக்கு."

பேசி முடித்தது வாஸ்தவம்தான். மகளுக்கு நிச்சயமான வருஷம், கிறிஸ்துமஸ் அன்று, இதே மேஜையில், இதே வார்த்தையைத்தான் அண்ணன் சொன்னார். ரொசால்பா அன்றைக்குத் தாயைத் திரும்பிப் பார்த்தாள். டொனாட்டா தலையைக் குனிந்து ஆரஞ்சுத் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். அண்ணனைப் பகைத்துக்கொண்டால் பாதி நிலம் போய்விடும், பாதி நிலம் போனால் ஸீட்டா எங்கே நிற்பாள்?

இன்றைக்கு ரொசால்பா யாரையும் பார்க்கவில்லை. தட்டுகளை அடுக்கினாள்.

"பழம் சாப்பிடுங்க" என்று டொனாட்டா துணியை எடுத்தாள். எடுத்துவிட்டு, ஆண்கள் மூன்று பேருடைய முகத்தையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள்.

ருஜ்ஜேரோதான் முதலில் கை நீட்டினான். ஒன்றை வாயில் போட்டான். அவனுடைய கண் விரிந்தது. "அத்தை! இது நம்ம ஸீட்டா இல்ல? பதிவு அதிகாரி வந்து பாக்கற வரைக்கும் தொடவே கூடாதுன்னீங்க, நீங்களே பறிச்சிட்டீங்களா?"

நடிக்கிறானா? நடித்தால் பெரிய நடிகன்தான்.

வித்தாந்தோனியோ சாப்பிடவில்லை. ஒரு பழத்தை விரலிடுக்கில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தார். அடிக்குழியைக் கட்டை விரலால் தடவினார். தின்னாமல் தன் தட்டில் வைத்தார். பிறகு இன்னொன்றை எடுத்துப் பார்த்தார். இவருக்கு என்ன வந்தது? ஜூன் மாதம் ஒரு ஸ்பெயின்கார நாற்று வியாபாரியைக் கூட்டிக்கொண்டு வந்து, சும்மா காற்று வாங்க என்று சொல்லி, ஸீட்டா வரிசையைச் சுற்றிக் காட்டினாரே, அது டொனாட்டாவுக்கு மறக்கவில்லை.

சபீனோ ஒரே ஒரு பழம் தின்றான். பாதி மென்றவன் அப்படியே நிறுத்தினான். நெற்றியில் வேர்வை துளிர்த்தது. ஆகஸ்ட் வெயிலில் யாருக்கும் வேர்க்கும்தான். ஆனால் இத்தனை நேரம் வேர்க்காதவனுக்கு இப்போது ஏன்?

"எனக்கு வேணாம்மா, வயிறு ரொம்பிடுச்சு. காபி போடறேன்" என்று ரொசால்பா அடுப்படிக்குப் போனாள். டொனாட்டா தலையை மட்டும் ஆட்டினாள். அவள் கவனம் முழுக்க ஆண்கள் மேல்.

"இது நம்ம கொடியில பறிச்சது இல்ல," என்றாள் நிதானமாக. "நேத்து பாரி சந்தையில வாங்கினது."

மேஜையில் இடி விழுந்த மாதிரி ஆயிற்று.

"என்னது, சந்தையிலயா?" வித்தாந்தோனியோ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். விரல் நேராக ருஜ்ஜேரோ பக்கம் நீண்டது. "இதுக்கு யோசிக்க என்ன இருக்கு? நாற்றுப்பண்ணைக்காரன வீட்டுக்குள்ள விட்டா வேற என்ன நடக்கும்? அன்னிக்கே சொன்னேன், கேட்டியா?"

"பெரிய மாமா, வார்த்தைய அளந்து பேசுங்க. நான் திருடறவனா இருந்தா, ஸீட்டான்னு மொதல்ல நானே கத்துவேனா? ஸ்பெயின்காரனுக்கு வரிசை வரிசையா சுத்திக் காட்டினது யாரு, நானா?"

"அவன் வந்து ரெண்டு மாசம்கூட ஆகலடா! ரெண்டு மாசத்துல ஒட்டுக் கட்டி, வளந்து, காய்ச்சு, சந்தைக்கு வந்துடுமா? ஒட்டுக் கட்டறவனுக்கு இதுகூடத் தெரியாதா?"

டொனாட்டாவின் மனதுக்குள் சட்டென்று ஒரு கணக்கு ஓடியது. அண்ணன் சொல்வது சரி. இப்படிக் காய்க்க வேண்டுமென்றால் குச்சி போய் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்க வேண்டும். ருஜ்ஜேரோ அப்போது இந்தத் தோட்டத்துக்குள் காலே வைத்ததில்லை. வாசலோடு வந்து வாசலோடு போகிற புது மாப்பிள்ளை.

"தண்ணி திறந்து விட்டுட்டு வந்துட்டேன். நிறுத்திட்டு வந்துடறேன்" என்று சபீனோ நழுவினான்.

அது தானாகத் திறந்து தானாக மூடிக்கொள்ளும் குழாய். போட்டு இரண்டு வருஷம் ஆகிறது. போட்டவனே சபீனோதான்.

இவனா? கூடப் படுத்து எழுகிறவனா? மற்ற இரண்டு பேரையும் கத்த விட்டுவிட்டு டொனாட்டா அவன் பின்னாலேயே போனாள்.

கொடிப்பந்தலுக்குக் கீழே நிழல் பச்சையாக இருந்தது. தலைக்கு மேல் கொத்துக் கொத்தாகத் தொங்கியது, அதற்கும் மேலே பிளாஸ்டிக் விரிப்பு காற்றில் படபடத்தது. சபீனோ ஸீட்டா வரிசையின் முனையில், வலையைப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றிருந்தான்.

"தண்ணிய நிறுத்திட்டியா?"

அவன் வலையின் ஓரத்தை இழுத்து இழுத்துச் சரிசெய்தான்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? யாருக்கு எடுத்துக் குடுத்த, சொல்லு."

"சத்தியமா யாருக்கும் குடுக்கல டொனா."

"அப்புறம் எதுக்கு வேர்த்துது?"

சபீனோ தொப்பியைக் கழற்றி, உள்ளே பார்த்து, மறுபடி தலையில் வைத்துக்கொண்டான். "சொல்லிடறேன். திட்டாத."

"திட்டறதா வேண்டாமான்னு நான் பாத்துக்கறேன். சொல்லு மொதல்ல."

"ரொசால்பாவுக்கு நிச்சயமாச்சே, அதுக்கு அடுத்த மார்ச்சுல சூசையப்பர் திருநாள். தெருவுக்குத் தெரு போட்டி போட்டு விறகு குவிச்சு எரிப்போமே, நம்ம தெரு நெருப்புக்கு நான்தான் பொறுப்பு. நாலஞ்சு நாளா விடாத மழை. எதிர்த்தெருக்காரனுங்க விறகுக் குவியல் மணிக்கூண்டு உசரம் நிக்குது. நம்மது இடுப்புக்கு வரல. சம்பந்தி வீட்டுக்காரங்க வேற நெருப்பு பாக்க வர்றாங்க. பொண்ணு வீட்டு மானம் போயிடும்ல?"

"அதுக்கு?"

"அதுக்கு முந்தின நாள்தான் ஸீட்டாவுக்குக் கிளை வெட்டினோம். கொடியடியிலேயே எரின்னு சொல்லிட்டு நீ பாரிக்குப் போயிட்ட. கொட்டற மழையில எங்க எரிக்கறது? எப்படியும் நெருப்புக்குப் போற குச்சிதானேன்னு கட்டாக் கட்டி வண்டியில ஏத்திட்டேன்."

"பச்சைக் குச்சியவா? பச்சைக் குச்சி போட்டா ஊரே புகையும்னு உனக்குத் தெரியாது?"

"அடியில வெச்சேன். காஞ்சத மேல அடுக்கினேன். உசரம் வரணும்ல டொனா!"

அவள் ஒரு நிமிஷம் அவனையே பார்த்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடப்பாவி மனுஷா! இவ்வளவுதானா? எரிப்பதற்குக் கொடுத்தது வளர்ப்பதற்குக் கொடுத்ததாக ஆகுமா? குவியலிலிருந்து எவனோ உருவியிருக்கிறான். உருவினால் அது திருட்டு. திருட்டு என்றால் ஸீட்டா இன்னும் அவளுடைய பெண்தான். நாளைக்கு நிம்மதியாகக் கையெழுத்துப் போடலாம். வீட்டில் யாரும் துரோகம் செய்யவில்லை. அண்ணன் இல்லை, மருமகன் இல்லை, இந்த அசடு இல்லவே இல்லை.

"இத அப்பவே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?" என்று அவன் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். "இத்தனை வருஷம் மனசுல வெச்சுக்கிட்டுத் திரிஞ்சியா?"

"நீ கொன்னுடுவன்னு பயம்."

"கொல்லத்தான் போறேன், நாளைக்குக் கையெழுத்து ஆகட்டும். அந்தக் குவியலை எவன் கலைச்சிருப்பான்? எதிர்த்தெருக்காரனா?"

"சேச்சே, அவனுங்க கிட்டயே வர முடியாது. காவல் போடாம இருப்போமா? விட்டா ராவோட ராவா உருவிட்டுப் போய் அவனுங்க குவியல்ல சேத்துடுவானுங்களே."

"யாரு காவல்?"

சபீனோவின் முகத்தில் இப்போதுதான் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. பெருமையாகவே சொன்னான். "நம்ம ரொசால்பாதான். நீ போய்த் தூங்குப்பா, நான் பாத்துக்கறேன்னு என்னை அனுப்பிட்டா. நாற்காலியும் கம்பளியும் எடுத்துக்கிட்டுப் போய் உக்காந்தா. விடிஞ்சு வந்து, ஒரு குச்சிகூடப் போகலப்பான்னா. குளிர்ல உதடெல்லாம் நீலம் பூத்துப் போச்சு பாவம்."

டொனாட்டாவின் கை அவன் தோளிலிருந்து இறங்கியது.

"கட்டு எதால கட்டின?"

"எதால கட்டுவேன்? உன் நீல நாடாவாலதான்."

அந்த நீல நாடா ஸீட்டாவுக்கு மட்டும்தான். தூரத்திலிருந்தே அடையாளம் தெரியட்டும் என்று அதை வாங்கிவந்து கொடுத்தவளே ரொசால்பா. ஆயிரம் குச்சிக்கு நடுவில் அந்தக் கட்டு எதுவென்று தெரிந்துகொள்ள அவளுக்கு வெளிச்சம்கூடத் தேவையில்லை.

"என்ன டொனா, என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. வெயில்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

வீடு வரை அந்த வரிசை முடியாமல் நீண்டுகொண்டே போவது மாதிரி இருந்தது. மூன்று ஆண்களையும் முறைத்து முறைத்துப் பார்த்தாளே, நான்காவது முகத்தைப் பார்த்தாளா? எனக்கு வேணாம்மா என்று சொன்னபோது அந்தக் குரல் எப்படி இருந்தது? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. பெற்ற மகளின் மேல் சந்தேகப்படுகிறோமே என்று ஒரு பக்கம் வெட்கமாக இருந்தது. இன்னொரு பக்கம் மனது வேலையைப் பார்த்துக்கொண்டே போனது. கிறிஸ்துமஸ் அன்று பெயர் இல்லை என்றார்கள். மார்ச்சில் குச்சி போயிருக்கிறது. நடுவில் மூன்று மாதம்கூட இல்லை.

இதில் இன்னொரு முடிச்சும் இருந்தது. அது உறைத்ததும் டொனாட்டா முற்றத்திலேயே நின்றுவிட்டாள். ரொசால்பாவும் ஸீட்டாவை உருவாக்கியவள் என்று நாளைக்கு ஒப்புக்கொண்டால், உருவாக்கியவளே கையால் கொடுத்ததாக ஆகும். ஸீட்டா போய்விடுவாள். ரொசால்பாவுக்கு ஒரு சம்பந்தமும் இல்லை, கூலிக்குக் குழாய் கழுவியவள் என்று அண்ணன் சொல்கிற மாதிரியே எழுதிக் கையெழுத்துப் போட்டால் ஸீட்டா பிழைப்பாள். அப்போது மகள் திருடி. புகார் அவள் பேரில்தான் போகும்.

வாசலில் வித்தாந்தோனியோவும் ருஜ்ஜேரோவும் இன்னும் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறிக்கொண்டிருந்தார்கள். டொனாட்டா இரண்டு பேரையும் தாண்டி உள்ளே போனாள்.

மேஜை மேல் பழத்தட்டுகள் கிடந்தன. அண்ணன் தட்டில் தின்னாமல் வைத்த இரண்டு பழம். ருஜ்ஜேரோ தட்டில் மொட்டைக் காம்பு. சபீனோ தட்டின் ஓரத்தில் பாதி மென்று துப்பிய தோல். ரொசால்பாவின் தட்டு கழுவி வைத்த மாதிரி இருந்தது.

கொத்தில் மிஞ்சியிருந்ததில் ஒரு பழத்தைப் பிய்த்துக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்தாள். ரொசால்பா காபிக் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே கழுவின கோப்பை அது.

"ஒண்ணே ஒண்ணு தின்னு பாரு கண்ணு" என்றாள் டொனாட்டா. "உனக்குத் தெரியாத ஸீட்டாவா? ஆமாவா இல்லையான்னு உன் வாயால சொல்லிடு. நாளைக்கு நான் கையெழுத்துப் போடணும்."

"வேணாம்மா."

"ஸீட்டான்னா ஓடி வர்றவளாச்சே நீ. அவங்க எல்லாரும் கையில எடுத்தாங்க. நீ மட்டும் ஏன் தொடல?"

ரொசால்பா குழாயை மூடினாள். கையைத் துடைத்தாள். தாய் நீட்டிய பழத்தை வாங்கி, அடிக்குழியை விரலால் ஒரு முறை தடவிப் பார்த்து, திரும்பவும் தாயின் உள்ளங்கையிலேயே வைத்தாள். கிறிஸ்துமஸ் அன்று பார்த்த அதே பார்வை. இந்தத் தடவை டொனாட்டாவால் தலையைக் குனிந்துகொள்ள முடியவில்லை.

"அந்தத் தோட்டத்துது நான் போன வருஷமே தின்னாச்சும்மா," என்றாள். "அங்க இதுக்கு ஸீட்டான்னு பேரு இல்ல. ரொசால்பான்னுதான் பேரு வெச்சிருக்காங்க."